பல் வைத்தியசாலையும் லேசர் பலகையும்

காரைக்குடியில் செக்காலைச் சாலை வழியாக மாலை நேரத்தில் நடந்து செல்கிறவர்கள், நகைக்கடைகளுக்கும் ஜவுளிக்கடைகளுக்கும் அடுத்தபடியாகத் தங்கள் கண்ணில் அதிகமாகப் படுகிறவை பல் வைத்தியசாலைகளின் பெயர்ப் பலகைகளே என்பதைக் கவனித்திருப்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் அப்பலகைகளில் வைத்தியரின் பெயரும், அவர் பெற்ற பட்டமும், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இருப்பார் என்ற விவரமும் அல்லாமல் வேறொன்றும் இராது; சிலவற்றில் மட்டும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் சௌகரியத்துக்காக, ஈறோடு கூடிய ஒரு பல் செட்டின் படம் சிரித்துக்கொண்டிருக்கும். இன்றைக்கு அந்தச் சிரிப்பு போய்விட்டது. வைத்தியரின் பெயரைக் காட்டிலும் பெரிய எழுத்தில், இரவில் தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படியான சிவப்பு விளக்கில், ‘லேசர்’ என்ற ஒரு சொல் அந்த ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நான் நாற்பது ஆண்டுக் காலம் கல்லூரியில் பௌதிகம் போதித்து ஓய்வுபெற்றவன். அந்தச் சொல்லை மாணவர்களுக்கு முன்னால் கரும்பலகையில் எழுதி எழுதிக் கை தேய்ந்தவன். ஆகவே அதன்மீது எனக்குப் பகைமை ஒன்றும் கிடையாது. தம்மிடம் படித்த பையன் ஊரில் பெரிய மனிதனாகிவிட்டதைக் காணும் வாத்தியாருக்கு ஏற்படுகிற சந்தோஷமே உண்டு. ஆனால் அந்தப் பையன் செய்யாத காரியங்களுக்கும் அவன் பெயரைச் சொல்லிப் பணம் வசூலாகிறது என்று தெரியவந்தால் அதே வாத்தியாருக்கு என்ன தோன்றுமோ, அது சென்ற மார்கழியில் எனக்குத் தோன்றிற்று.

வீட்டில் செய்த சீப்புச் சீடை ஒன்றை, வயதுக்குத் தகாத உற்சாகத்தோடு கடித்ததில், கீழ்த்தாடையின் கடைவாய்ப் பல் ஒன்றில் ஏற்கெனவே இருந்த சொத்தை வாயைத் திறந்துகொண்டது. பலகையில் லேசர் மின்னுகிற ஒரு வைத்தியசாலைக்குப் போனேன். ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். பிறகு, பல் குடையும் ஏரோட்டர் கருவியின், என் தலைமுறைக்கு நன்றாகப் பழக்கமான அந்தக் கீச்சுக் குரல் கேட்டது. கடைசியில் ஒரு பேனா போன்ற கருவியின் நுனியிலிருந்து சிவப்பாக ஒரு புள்ளி என் ஈற்றோரத்தில் சில விநாடிகள் நின்று மறைந்தது. வெளியே வந்து ரசீதைப் பார்த்தால் ‘லேசர் ஃபில்லிங்’ என்று எழுதியிருந்தது. திரும்ப உள்ளே போய், சொத்தையை எடுத்தது எது என்று கேட்டேன். அந்த இளம் வைத்தியர் பொய் சொல்லவில்லை. “சொத்தையை எடுத்தது ஏரோட்டர்தான் ஐயா. ஈறு கொஞ்சம் குழிக்குள்ளே வளர்ந்திருந்தது, அதை மட்டும் லேசரில் ஒதுக்கினேன்” என்றார். செய்த காரியம் முறையானதே. ரசீதில் எழுதிய பெயர்தான் முறையானதன்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்தச் சிவப்புப் புள்ளி நின்ற நேரத்தில் வைத்தியரும் அவருக்கு உதவியாக இருந்த பெண்ணும் நிறக் கண்ணாடி அணிந்திருந்தார்கள், எனக்கு யாரும் ஒரு கண்ணாடி கொடுக்கவில்லை.

இந்தக் கடைசி விஷயம் அற்பமானதென்று நினைப்பவர்கள், தாங்கள் கண்ட சிவப்பு ஒளி வேறு, வேலை செய்த ஒளி வேறு என்பதை அறியாதவர்கள். சிவப்புப் புள்ளி வெறும் வழிகாட்டி. எந்த இடத்தில் ஒளி விழப்போகிறது என்பதை வைத்தியருக்குக் காட்டுவதற்காகக் கூடவே அனுப்பப்படுகிற தூதன். ஈற்றை அறுக்கிற ஒளி மனிதக் கண்ணுக்குப் புலனாகாதது. நம் ஊர்களில் பெரும்பாலும் இருக்கிற டயோடு லேசர்களின் அலைநீளம் 810, 940, 980 நானோமீட்டர் என்றாற்போல் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஏறக்குறைய 700ஓடு முடிந்துவிடுகிறது. இந்த ஒளி கண்ணின் முன்பாகங்களை ஊடுருவிக்கொண்டு நேரே விழித்திரையில் போய் விழக்கூடியது. பளபளப்பான உலோகக் கருவி ஒன்றில் பட்டுத் தெறித்தாலும் போதும். கண் கூசினால் இமை தானாக மூடிக்கொள்ளும் என்ற இயற்கையின் பாதுகாப்பு, காணாத ஒளிக்கு முன்னால் உறங்குகிறது. அந்தந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடியை வைத்தியர், உதவியாளர், நோயாளி மூவரும் அணிய வேண்டும் என்பது இந்தக் கருவிகளோடு கூடவே பிறந்த விதி.

ஏன் ஓர் ஒளி ஈற்றை அறுக்கிறது, பல்லைத் தொடமாட்டேன் என்கிறது; இன்னோர் ஒளி பல்லையே குடைகிறது? இதை அறிந்துகொண்டால் பலகையைப் படிக்கும் கண் மாறிவிடும் என்பதால் சற்று நிதானித்துச் சொல்கிறேன். 1917இல் ஐன்ஸ்டீன் கணக்கில் கண்ட ஒரு சூட்சுமத்தை, நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1960 மே 16ஆம் தேதி, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தியோடர் மைமன் என்பவர் ஒரு சிறு மாணிக்கக் கம்பியைக் கொண்டு கருவியாக்கிக் காட்டினார். சாதாரண விளக்கின் ஒளி திருவிழாக் கூட்டம் போன்றது. ஒவ்வோர் அலையும் தன் போக்கில் போகும். லேசரின் ஒளியோ ஒரே நீளமுள்ள அலைகள் அடிபிசகாமல் அணிவகுத்து நடக்கிற படை. அந்தப் படை எதன்மேல் போய் விழுகிறது என்பதைவிட, விழுந்த பொருள் அதை விழுங்குகிறதா, விட்டுவிடுகிறதா என்பதே முக்கியம். விழுங்கினால் வெப்பம், விட்டுவிட்டால் ஒன்றுமில்லை.

மாணிக்க ஒளியைப் பல்லின்மேல் செலுத்திப் பார்க்க விஞ்ஞானிகளுக்கு அதிக காலம் பிடிக்கவில்லை. 1965இல் லியோன் கோல்ட்மன் என்ற சர்ம வைத்தியர், தந்த வைத்தியரான தம் சொந்தச் சகோதரர் பெர்னார்டின் பல்லையே பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார். வலி இல்லை, பல்லின் மேற்பரப்பில் மட்டும் சிறிது சேதம். சகோதர பாசத்துக்கு விஞ்ஞான சரித்திரத்தில் இதைப்போன்ற திருஷ்டாந்தங்கள் அதிகம் இல்லை. ஆயினும் அந்த வழி மேற்கொண்டு செல்லவில்லை. காரணம், பல் என்பது வெளியே கல்லைப்போல் இருந்தாலும் உள்ளே ரத்தமும் நரம்பும் ஓடுகிற ஜீவனுள்ள பொருள். அதே ஆண்டில் குரங்குகளின் பற்களில் நடந்த வேறொரு ஆராய்ச்சி, உள்ளிருக்கும் கூழின் உஷ்ணம் 5.5 டிகிரி சென்டிகிரேடு ஏறினாலே அப்பற்களில் நூற்றுக்குப் பதினைந்து செத்துப்போகக்கூடும் என்று காட்டிற்று. மாணிக்க ஒளிக்கு அந்த அளவு நாகரிகம் தெரியவில்லை.

பிறகு வந்த வகைகளில் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 1938இல் பிறந்து அமெரிக்காவுக்குச் சென்ற குமார் படேல், 1964இல் பெல் ஆராய்ச்சிசாலையில் கரியமில வாயுவைக் கொண்டு லேசர் செய்தார். 10,600 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்த ஒளி, நீர் செறிந்த மெல்லிய சதைகளை அறுப்பதில் இன்றைக்கும் அறுவை வைத்தியர்களின் கையில் இருக்கிறது. வகுப்பில் இந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் பின் பெஞ்சுப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பல்லைக் குடைகிற காரியத்துக்கு உண்மையில் தகுதி பெற்றது எர்பியம் என்ற அபூர்வ உலோகத்தைக் கொண்டு ஆக்கிய லேசர். அதன் அலைநீளம் 2,940 நானோமீட்டர். தண்ணீர் மிகுந்த ஆவலோடு விழுங்குகிற நீளம் அது. எனாமலில் தண்ணீர் ஏது என்று கேட்கலாம். எடைக் கணக்கில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில், கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளில் இருக்கிறது. அதன் அடியிலுள்ள தந்தினியில் அதைவிட அதிகம். சொத்தை விழுந்து இளகிப்போன பாகத்தில் இன்னும் அதிகம். அந்தத் துளி நீர் ஒரு கணத்தில் ஆவியாகி வெடிக்க, அந்த வெடிப்பில் பல்லின் துகள் பெயர்ந்து தெறிக்கிறது. கூடவே தண்ணீரைப் பீய்ச்சி வெப்பத்தை அடக்குகிறார்கள். கீச்சுக் குரலுக்குப் பதிலாகப் பொரி பொரிவது போன்ற ஓசை, அதிர்வு இல்லை, பல பேருக்கு ஊசியும் வேண்டியிருப்பதில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இதற்கு அனுமதி அளித்தது 1997இல்.

இதைப் படித்தவுடன், அப்படியானால் ஏரோட்டரைத் தூக்கி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில், பர்மாத் தேக்குப் பெட்டிகளுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் பக்கத்தில் வைத்துவிடலாமே என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்றுச் சுற்றுகிற அந்தக் காற்றுக் கருவி 1957இல், எங்கள் ஊருக்கு வாரிக் கொடுத்த வள்ளல் அழகப்பர் மறைந்த அதே ஆண்டில், உலகச் சந்தைக்கு வந்தது. காலால் மிதித்துச் சுழற்றும் கருவியில் பல் குடையப்பட்டு நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்திருந்த பழைய தலைமுறையைக் கேட்டால், அது எப்பேர்ப்பட்ட கருணை என்பதைச் சொல்லும். ஆரோக்கியமான எனாமலைக் குடைவதில் அதன் வேகத்துக்கு எர்பியம் ஈடில்லை; பழைய வெள்ளி ஃபில்லிங் உள்ள பல்லில் அந்த ஒளியைச் செலுத்தவும் கூடாது, பாதரசம் ஆவியாகும். 2016இல் காக்ரேன் அமைப்பினர், சொத்தையை எடுப்பதில் லேசரையும் பழைய கருவியையும் ஒப்பிட்ட ஒன்பது பரிசோதனைகளை, 662 பேரின் அனுபவத்தை, ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். வலியும் ஊசியின் தேவையும் லேசரில் குறைவாக இருக்கலாம். மற்றபடி ஒன்றைவிட மற்றொன்று மேல் என்று தீர்ப்பளிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் கண்டது. ஊசியைக் கண்டதும் வீட்டையே இரண்டாக்குகிற குழந்தைக்கு அந்த ‘வலி குறைவு’ பெரிய வரப்பிரசாதம் என்பதை நான் மறுக்கவில்லை. எழுபது வயது வாத்தியாருக்கு அது அத்தியாவசியம் அன்று.

இனி விலையின் கதைக்கு வருவோம், ஏனென்றால் பலகையின் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. எர்பியம் லேசரின் விலை, சிறிய ஊர் ஒன்றின் தந்த வைத்தியர் தம் நாற்காலி, எக்ஸ்ரே, அறையின் அலங்காரம் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்ட முதலைச் சாதாரணமாக விழுங்கிவிடும். டயோடு லேசரோ சில லட்சத்தில் கிடைக்கிறது. மேஜையின் ஓரத்தில் அடங்குகிறது. ஆகவே பலகையில் லேசர் என்றால் பெரும்பாலும் டயோடு. அதன் ஒளியை ரத்தத்தின் சிவப்பும் சர்மத்தின் கறுப்பும் விழுங்கும். வெண்மையான பல் விழுங்காது. சொத்தையை அது எடுக்காது, எடுக்க முயலவும் கூடாது. அதன் கண்ணாடி இழை நுனியைக் கூட, வேலை தொடங்குமுன், வைத்தியர்கள் ஒரு கறுப்புத் தாளிலோ கார்க்கிலோ தொட்டுக் கருக்கிக்கொள்கிறார்கள். அந்தக் கரி ஒளியை விழுங்கிப் பழுக்கக் காய்ந்து, அந்தச் சூடே ஈற்றை அறுக்கிறது. சூட்டுக்கோல் என்ற நம் பழைய சொல்லை இங்கே நினைவுகூர்ந்தால் வைத்தியர்கள் என்னை மன்னிக்க வேண்டும். மிகவும் சூட்சுமமான, மிகவும் கட்டுப்பட்ட சூட்டுக்கோல். ஆனால் குலம் அதுதான்.

இப்படிச் சொல்வதால் அதை நான் தாழ்த்துகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். என் ஆச்சியின் வாயில் அந்தச் சூட்டுக்கோல் செய்த காரியத்தை நான் கண்ணால் கண்டவன்.

ஆச்சி என்றால் என் தமக்கை, எண்பதைத் தாண்டியவர். மற்ற ஊர்க்காரர்கள் எங்கள் பக்கத்துப் பெண்டிர் அனைவரையும் ஆச்சி என்று பொதுவாகச் சொன்னாலும், எங்களுக்கு அது முதலில் உடன்பிறந்த அக்காளின் பெயர். பத்து வயதில் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து திருடித் தின்னத் தொடங்கியவர், பல் இருந்தவரை பாக்குவெட்டியோடும், பல் போனபின் கையடக்கமான ஓர் இரும்பு உரலோடும் வாழ்ந்துவருகிறார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வளவில் அந்த உரல் இடிபடுகிற ஓசை கேட்காவிட்டால் எங்களுக்குப் பொழுது சாய்வதில்லை. அவருடைய பல் செட் தளர்ந்து, விளிம்பு உராய்ந்து உராய்ந்து, கீழ் உதட்டுக்கு உட்புறம் ஒரு சதை மடிப்பு வளர்ந்துவிட்டது. வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். ஆனால் ஆச்சிக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதை நிறுத்தினால் நெஞ்சுக்கு ஆபத்து, நிறுத்தாமல் கத்தி வைத்தால் ரத்தம் எளிதில் நிற்காது. போதாக்குறைக்குச் சர்க்கரை வியாதி.

ஊரில் முப்பது ஆண்டுகளாகத் தொழில் செய்கிற ஒரு பெண் வைத்தியர், பலகையில் லேசர் என்று ஓர் எழுத்தும் எழுதாதவர், தம் மேஜையின் இழுப்பறையிலிருந்து டயோடு கருவியை எடுத்தார். அதற்கு முன்னால் இருதய வைத்தியரோடு தொலைபேசியில் பேசி மாத்திரையை நிறுத்துவதில்லை என்று முடிவு செய்துகொண்டார். ஆச்சிக்கு முதலில் கண்ணாடி அணிவித்தார். “வெளிச்சம் கண்ணைக் கரிக்குமாத்தா?” என்று ஆச்சி கேட்டதற்கு, “அந்த வெளிச்சம் உங்களுக்குத் தெரியவே தெரியாது ஆச்சி, அதனால்தான் கண்ணாடி” என்றார். மரத்துப்போகும் ஊசிக்குப் பிறகு ஏறக்குறைய இருபது நிமிஷம். வெட்டிய இடமெல்லாம் ரத்தக்குழாய்கள் உடனுக்குடன் சுட்டு அடைபட்டுவிட்டபடியால், பஞ்சில் படிந்த ரத்தம் வெற்றிலைச் சாற்றின் கறை அளவுக்குக்கூட இல்லை. தையல் ஒன்றும் போடவில்லை. கருகிய வாடை மட்டும் அறையில் சிறிது நேரம் நின்றது. அந்தப் புகையை உறிஞ்சுவதற்கென்று ஒரு குழாயை உதவிப்பெண் வாயருகே பிடித்துக்கொண்டேயிருந்தாள்.

வெட்டிய துண்டை வைத்தியர் குப்பையில் போடவில்லை. புட்டியில் இட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார். எழுபது ஆண்டு வெற்றிலையும் பாக்கும் கண்ட வாயில் வளர்ந்த எதையும் பார்வையை மட்டும் நம்பி விட்டுவிடக்கூடாது என்றார். பாக்கு, புகையிலை சேராவிட்டாலும், புற்றுநோயைத் தோற்றுவிக்கும் பொருள் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வெளியிட்ட நூலில் உறுதியாகக் கூறியிருக்கிறது. இங்கேதான் லேசர் ஒரு நல்ல வைத்தியரின் கையில் இருப்பதற்கும் மற்றவர் கையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் புலப்படும். கன்னத்தின் உட்புறத்தில் தோன்றும் வெள்ளைத் திட்டை, இன்னதென்று நிர்ணயிக்காமலே ஒளியால் சுட்டு மறைத்துவிட்டால், நோயாளி மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போவார். சாட்சி சாம்பலாகிப் போயிருக்கும். வெட்டினாலும், விளிம்பு கருகிவிட்டால் நுண்ணோக்கியில் படிக்க முடியாது என்பதால், சற்று அகலமாகவே வெட்ட வேண்டுமாம். ஆச்சியின் துண்டில் கெடுதல் ஒன்றும் இல்லை என்று பதினோராம் நாள் தாள் வந்தது. அன்றைக்கே உரல் மறுபடி இடிபடத் தொடங்கிற்று. அதைத் தடுக்க இன்னும் லேசர் வரவில்லை.

அதே கருவியின் மற்றொரு முகத்தையும் அதே வீட்டில் கண்டேன். ஆச்சியின் பேத்திக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாயிருந்தது. படித்த பெண், பெங்களூரில் வேலை. புகைப்படக்காரர் எடுத்த முன்னோட்டப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த உறவுக்காரர் ஒருவர், பெண் சிரித்தால் ஈறு கறுப்பாகத் தெரிகிறது என்று ஒரு வார்த்தை விட்டார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாயிருந்தது. ஈற்றை லேசரால் வெளுத்துத் தருகிறார்கள், ஒரே உட்காரலில் முடிந்துவிடும், கல்யாணப் பெண்களுக்கென்றே கட்டணத்தில் சலுகை உண்டு என்றெல்லாம் செய்தி வந்தது. அவள் என்னிடம் வந்து, “ஐயா, இது நோயா?” என்று கேட்டாள்.

நோயன்று. நம் தோலுக்கு நிறம் தருகிற அதே மெலனின் ஈற்றிலும் இருக்கிறது; தோல் கறுத்த ஜனங்களில் ஈறும் ஏதோ ஓர் அளவுக்குக் கறுத்திருப்பது இயல்பு; அதனால் ஈற்றின் ஆரோக்கியத்துக்கு ஒரு குறைவும் இல்லை. டயோடு ஒளி மெலனினை விரும்பி விழுங்குகிறபடியால், ஈற்றின் மேல்தோலை நிறத்தோடு சேர்த்து உரித்துவிட அது மிகவும் தோதான கருவி. உரித்த இடத்தில் சில நாளில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் மூடும். ஆனால் நிறத்தை ஆக்குகிற அணுக்கள் பக்கத்து இடங்களிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பி வந்து குடியேறும். இதையெல்லாம் அவளுக்கு விவரமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள், செய்துகொண்டாள். கல்யாண ஆல்பத்தில் அவள் சிரிப்பு அழகாகத்தான் இருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்துச் சென்ற பொங்கலுக்கு வந்திருந்தபோது, உதட்டைத் தூக்கிக் காட்டி, “பழைய குடித்தனக்காரர் திரும்பி வந்துட்டார் ஐயா” என்று சிரித்தாள்.

அவளை நான் குறைகூறமாட்டேன். பெண்ணின் நிறத்தை எடைபோட்டே பழகிய சமூகம், முகத்துக்குக் களிம்பு விற்று முடித்துவிட்டு, உதட்டுக்கு உள்ளேயும் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. அதற்கு விஞ்ஞானம் ஒரு விளக்கைக் கொடுத்திருக்கிறது. எனக்கு வருத்தமெல்லாம் வைத்தியத்தின்மேல்தான். ரத்தம் நிற்காத கிழவிக்கும், சோறு விழுங்க முடியாத புற்றுநோயாளிக்கும் முதலில் பயன்பட வேண்டிய ஒரு கருவிக்கு, நோயே இல்லாத ஓர் இளம்பெண் முதல் வாடிக்கைக்காரியாக வந்து சேர்வது எதனால்? தவணையினால். கடன் வாங்கி வாங்கிய கருவி மாதம் பிறந்தால் வேலை கேட்கும். வேலை கொடுக்காவிட்டால் வட்டி கேட்கும். நிறையச் செலவழித்துப் படித்துவிட்டு, ஒரே தெருவில் நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற இளம் வைத்தியர்களின் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. 2014இல் திருத்தி வெளியிட்ட தொழில் நெறி விதிகள் விளம்பரத்தால் நோயாளிகளை இழுப்பதை ஒப்பவில்லை என்றாலும், சிவப்பு விளக்கு எரிகிற தெருவில் விளக்கில்லாமல் உட்கார்ந்திருக்கப் பெரிய மனத்துணிவு வேண்டும்.

சோறு விழுங்க முடியாத நோயாளி என்றேன். அது அலங்காரத்துக்காகச் சொன்னதன்று. 1967இல் புடாபெஸ்ட் நகரத்தில் எண்ட்ரே மெஸ்டர் என்ற வைத்தியர், மிகவும் வலுக்குறைந்த மாணிக்க ஒளியை மயிர் மழித்த எலிகளின்மேல் செலுத்திப் பார்த்தபோது, எதையும் சுடாத அந்த மந்த ஒளி பட்ட இடத்தில் மயிர் விரைவாக முளைத்ததைக் கண்டார். அந்த விந்தையைத் தொடர்ந்து எத்தனையோ வீண் பேச்சுகளும் வியாபாரங்களும் கிளைத்தன. ஆயினும் ஒரு காரியத்தில் அது ஆதாரத்தோடு நிலைபெற்றிருக்கிறது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிரியக்கச் சிகிச்சை பெறுகிறவர்களின் வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் விழுங்குவதுகூட நெருப்பை விழுங்குவதாகிவிடுகிறதே, அந்தப் புண் வராமல் தடுக்க, வரையறுத்த அளவில் இந்த மந்த ஒளியைப் பிரயோகிக்கலாம் என்று, புற்றுநோயாளிகளின் துணைச் சிகிச்சைக்கான சர்வதேச நிபுணர் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சிபாரிசு செய்கிறது. வெற்றிலையும் புகையிலையும் மென்ற ஒரு பிரதேசத்தில் இந்தச் சிபாரிசு யாருக்காக எழுதப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்திலிருந்து மதுரைக்கும் சென்னைக்கும் போய்க் கதிர் வைத்துக்கொண்டு, கஞ்சியும் இறங்காமல் திரும்பி வந்தவர்கள் இருவரை நானே போய்ப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் யாரும் லேசரைப்பற்றிப் பேசவில்லை. அவர்கள் ஊரின் கடைத்தெருவில் அது சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது.

இங்கேதான் சர்க்காரின் பங்கு வருகிறது. 1953இல் சென்னையில் மருத்துவக் கல்லூரியின் ஒரு பகுதியாகத் தொடங்கிய அரசு தந்த வைத்தியக் கல்வி, கானாடுகாத்தான் ராஜா அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய சிதம்பரம் பல்கலைக்கழகத்தில் அவர் குமாரர் முத்தையாவின் பெயரால் 1980இல் எழுந்த கல்லூரியைக் கடந்து, 2023இல் எங்களுக்கு மிக அருகே, புதுக்கோட்டைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அடையாற்றில் 1954இல் புற்றுநோய் நிலையத்தைத் தோற்றுவித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊரும் அந்தப் புதுக்கோட்டைதான். அங்கே லேசர் வாங்கினால், நான் அதிகாரியாக இருந்தால், முதல் உத்தரவாக ஈறு வெளுக்கும் வேலைக்கு அதைத் தொடக்கூடாது என்று எழுதிவிட்டு, மாணவர்களுக்கு மந்த ஒளிச் சிகிச்சையையும், ரத்தம் எளிதில் உறையாத முதியவர்களின் சிறு அறுவைகளையும் அதில் கற்றுக்கொடுக்கச் சொல்வேன். அந்தக் கல்லூரியில் பழகிய கையோடு ஒருவர் சிவகங்கையின் அரசு ஆஸ்பத்திரியிலும், ஒருவர் காரைக்குடி ஆஸ்பத்திரியிலும் உட்கார்ந்தால், அங்கங்கே இருக்கும் ஒரு டயோடு கருவி நாள் முழுவதும் வேலை செய்யும். தவணைக்காக அது யாருடைய சிரிப்பையும் தேடிப் போக வேண்டியதில்லை. இது கனவு என்று சிரிப்பவர்கள் மதுரையைப் பார்க்கட்டும். 1976இல் பதினோரு படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் ஏழைக்கு எட்டாது என்று கண்டதும், 1992இல் அதைத் தானே செய்யத் தொடங்கிவிட்டது. வேலை மிகுந்தால் விலை குறையும் என்பது வியாபாரத்தில் பழகிய எங்கள் நகரத்தாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய வியாபார சாஸ்திரம் அன்று.

ஜனங்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. அழகப்பர் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்ச ரூபாயிலும், 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரில் இருக்கிறது. அங்கே சமையல் செய்கிறவர்களின் பிள்ளைகள்கூட மின்னோட்டத்தைப்பற்றி வாதம் செய்வார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள், ஆத்தங்குடிக் கல் வாங்கப் போனால் எந்த மண், எத்தனை நாள் தண்ணீரில் ஊறியது என்று கேட்காமல் பையை அவிழ்க்காதவர்கள், பல் வைத்தியரின் நாற்காலியில் சாய்ந்ததும் ஊமையாகிவிடுகிறோம். வாய் திறந்திருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். திறப்பதற்கு முன்னால் கேட்கலாமே: இது என்ன லேசர், என் வாயில் இன்றைக்கு எந்த வேலைக்கு, பழைய கருவியால் செய்தால் எனக்கு என்ன நஷ்டம்?

சித்திரையில் என் மேல்வாய்ப் பல் ஒன்று மறுபடி தொந்தரவு கொடுத்தபோது, ஆச்சிக்கு வைத்தியம் பார்த்த அந்த அம்மாளிடமே போனேன். உட்கார்ந்தவுடனே என் கேள்விகளைத் தொடுத்தேன். அவர் முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எக்ஸ்ரேயை விளக்கின் முன் பிடித்துப் பார்த்தார். “உங்கள் பல்லுக்கு லேசர் ஒன்றும் வேண்டாம் ஐயா” என்று சொல்லி, ஏரோட்டரைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன்.